ஞாயிற்றுக்கிழமை நின்ற கடிகாரம்

ரோஸி கைப்பையிலிருந்து ஒரு நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்து காந்திமதி மேடத்தின் மேஜை மேல் வைத்தாள். நல்ல ரத்தச் சிவப்பு. அடியில் கால் பாகம்தான் மிச்சம் இருந்தது.

"நான் ஒரு தபா கூட வெச்சிக்கல மேடம். எல்லாத்தையும் எங்க வூட்டு ஆளுதான் சுவிட்ச் போர்டுக்கு வெச்சே தீர்த்துட்டான்."

அவள் கணவன் ஃபிரெடி, பம்மலில் எலக்ட்ரீஷியன். நேற்று சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஸ்டேஷனில் இருக்கிறான். நாலு மாதம் முன்பு அவன் இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுத்த சேலையூர் வீட்டில் நேற்று காலை ஒரு ஆள் ஷாக் அடித்துச் செத்துப்போனார். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தான் என்று வழக்கு. இன்று நாலு மணிக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும், ஜாமீன் கொடுக்க ஆள் இல்லை, நிறுத்தினால் நேராக ஜெயில். இப்போது மணி பதினொன்றரை.

நான் ஆல்வின். மேற்குத் தாம்பரம் முடிச்சூர் ரோட்டில், ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே காந்திமதி மேடம் நடத்துகிற துப்பறியும் அலுவலகத்தில் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருபவன். மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை நோண்டிக்கொண்டிருந்தவர். யாராவது அழுதால் கைக்குட்டை நீட்ட மாட்டார், இவர் ஏன் இப்போது அழுகிறார் என்று யோசிப்பார். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே நாங்கள் உண்மையைப் பிடுங்குகிறோம், கீழேயாவது மரத்துப்போக ஊசி போடுவார்கள் என்று வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. அன்றைக்கு ரோஸியிடம் சொல்லவில்லை.

ரோஸி அழவில்லை. ஃபிரெடி வேலை செய்கிற விதத்தைச் சொன்னாள். வீட்டுக்குள் வருகிற கரண்ட் அறை அறையாகப் பிரிகிற டிபி பாக்ஸைத் திறந்து, லைட், ஃபேன் லைன்களை மட்டும் தனியாக எடுத்து இன்வெர்ட்டருக்குக் கொடுப்பானாம். அதற்குத் தனி சுவிட்சும் வைப்பானாம். ஃபிரிட்ஜ், ஓவன், கீசர் என்று கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கிறவர்களின் பவர் லைன் நேராக ஈபி கரண்டிலேயே இருக்கும். இதில் உள்ள ஆபத்து ஒன்றுதான். மெயினை அணைத்தாலும், தெருவுக்கே கரண்ட் போனாலும், இன்வெர்ட்டர் லைன் மட்டும் உயிரோடு இருக்கும். அதனால் அந்த லைனில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச் போர்டின் மூலையிலும் ஃபிரெடி ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிடுவான். ஸ்டிக்கர் என்றால் துடைக்கும்போது போய்விடும், நெயில் பாலிஷ் போகாது.

சுவிட்ச் போர்டை யார் துடைக்கிறார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து ரெண்டு மணி வரை கரண்டை நிறுத்துவார்கள். வீட்டு ஆண்களுக்கு அது புலம்புகிற நாள், பெண்களுக்கு அது போர்டு துடைக்கிற நாள். கரண்டே இல்லை என்ற தைரியத்தில் ஈரத்துணியும் சோப்புத் தண்ணியுமாக இறங்குவார்கள். அவர்களுக்கு ஃபிரெடி சொல்லிவைத்த சட்டம் இரண்டே வரி. பொட்டு இருந்தால் தொடாதே. பொட்டு இல்லையென்றால் துடைத்துக்கோ.

நேற்று ஷட்டவுன். செத்துப்போன காலேப் துடைத்தது பொட்டு இல்லாத போர்டு.

"பொட்டு இல்லாத போர்டுக்கு இன்வெர்ட்டர் கரண்ட் எப்படி வந்தது?" என்றார் மேடம்.

"அதான் தெர்ல மேடம். பவர் லைனை மாத்தி இன்வெர்ட்டர்ல குட்த்துட்டான்னு போலீசு சொல்லுது. அவன் குடிப்பான். பொய் சொல்லுவான். வயரை மட்டும் மாத்திக் குடுக்க மாட்டான்."

மேடம் பாட்டிலை எடுத்து தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். கேஸை எடுத்துக்கொண்டார் என்று அர்த்தம்.

சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகிற குறுக்குத் தெருவில் அந்த வீடு. வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், நாலரை மணிக்கு அடக்கம் என்று அச்சடித்த போஸ்டர். போஸ்டரில் காலேப் சிரித்தான். முப்பத்திரண்டு வயது. ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் சிரிக்காமல் இருந்தான்.

பெட்டிக்குப் பக்கத்தில், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் அப்பா வேதசிரோமணி. மனைவி போய்ப் பத்து வருஷம், ஒரே பையன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ரிட்டயர் ஆனவர். சுத்தமான வெள்ளைச் சட்டை. உடைந்துபோன மூக்குக்கண்ணாடிக் காலை மெழுகு நூலால் வரிசை வரிசையாகச் சுற்றிக் கட்டியிருந்தார். மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தின் முதுகும் அதே நூலால் தைக்கப்பட்டிருந்தது. இவ்வளவு நேர்த்தியாக எதையும் கட்டி நான் பார்த்ததில்லை, என் ஷூ லேஸே இரண்டு தடவை என்னைக் கீழே தள்ளியிருக்கிறது.

ஃபிரெடி மேல் தனக்குக் கோபம் இல்லை என்று அவர் மேடத்திடம் சொன்னார். கர்த்தருடைய நாமத்தில் அவனை மன்னித்துவிட்டாராம். "பட் சட்டம் அதோட டூட்டியைச் செய்யணும் இல்லையா மேடம்?" என்றார். மேடம் தலையாட்டினார். மன்னிப்பையும் ஜெயிலையும் ஒரே மூச்சில் கொடுக்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

மாடிப்படிக்குக் கீழே இன்வெர்ட்டர், அதற்கு மேலே டிபி பாக்ஸ். இன்ஸ்பெக்டர் ஜீவரத்தினம் கைகட்டி நின்றார். மேடத்துக்கு ஒரு பழைய உதவிக் கடன் பட்டவர், அதனால்தான் எங்களை உள்ளே விட்டார். மூன்று மணிக்கு ஃபிரெடியை ஏற்றிக்கொண்டு ஜீப் கோர்ட்டுக்குக் கிளம்பும், அதுவரைதான் பொறுமை என்று சொல்லிவிட்டு, பெட்டி மூடியைத் திறந்து காட்டினார். மாடி சமையலறையின் பவர் லைன் வயர் ஈபி வரிசையில் இருக்க வேண்டியது, இன்வெர்ட்டர் வரிசையில் சொருகியிருந்தது. ஒரே ஒரு வயர், ஒரு சாண் தள்ளி.

"இதுக்கு மேல என்ன மேடம் வேணும்? மாட்டினவன் அவன்தானே."

மேடம் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மற்ற வயர்களை எல்லாம் ஃபிரெடி வெள்ளை பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தான். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மேடத்துக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, ஏனென்றால் டார்ச்சை அணைத்துவிட்டு நேரே மாடிக்கு ஏறினார்.

சமையலறையில் காலேப் விட்டுப்போனது அப்படியே இருந்தது. சுவரில் போர்டின் முன் தகடு கழற்றப்பட்டு, உள்ளே பாதி துடைத்த கரப்பான் எச்சம். தரையில் காய்ந்த சோப்பு நுரை, ஒரு துணி. போர்டில் சொருகியிருந்த மைக்ரோவேவ் ஓவனைப் பிடுங்கி மேடை மேல் ஓரமாக வைத்திருந்தான். போலீஸ் அந்த லைனை நிறுத்திவிட்டு, ஹாலிலிருந்து ஒரு நீள வயர் இழுத்து ஓவனையும் ஃபிரிட்ஜையும் அதில் சொருகியிருந்தார்கள். ஓவன் கடிகாரம் 0:00 என்று விட்டு விட்டு மின்னியது.

காலேப்பின் மனைவி அபிகாயில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூட டீச்சர், இருபத்தெட்டு வயது. கண்ணில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது.

நான் ஃபிரிட்ஜைப் பார்த்தேன். கதவில் ஒரு வீட்டு பிளான் காந்தம் போட்டு ஒட்டியிருந்தது. கூடுவாஞ்சேரியில் வாங்கிய மனைக்கு காலேப்பே ஸ்கேல் வைத்துப் போட்டது. ஹால், கிச்சன், எங்க ரூம் என்று பேனாவில் எழுதி, கீழ்த்தளத்து மூலை அறையில் 'தாத்தா ரூம்' என்று எழுதியிருந்தான். அந்த அறையில் மட்டும் ஏதோ சிவப்பாகத் தெறித்திருந்தது.

"இந்த வீட்டுல தாத்தாவே இல்லையே மேடம்" என்று முணுமுணுத்தேன்.

மேடம் பிளானைப் பார்த்தார். பிறகு அபிகாயிலைப் பார்த்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து எத்தனை மாதம் என்று கேட்டார். இரண்டு, என்றாள் அவள். இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, மூன்றாவது மாதம் ஆனதும் மாமனாரிடம் சொல்லலாம் என்று இருந்தார்களாம். கரப்பான் நாற்றமும் சோப்பு நாற்றமும் குமட்டுகிறது என்று அவள் படுத்துவிட்டதால்தான், மாதாமாதம் அவள் செய்கிற வேலையை நேற்று காலேப் செய்தான்.

மேடம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"அந்த ஓவன் கடிகாரத்துக்கு யார் டைம் வைப்பது?"

"நான்தான் மேடம். கரண்ட் போயிட்டு வந்தா ஜீரோ ஆயிடும். ஷட்டவுன் முடிஞ்சதும் மாசாமாசம் வைப்பேன்."

"இன்வெர்ட்டர் வந்த பிறகுமா?"

"ஆமா. போன மாசம்கூட வெச்சேன்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் உறைத்தது. ஃபிரெடி நாலு மாதம் முன்பே வயரை மாற்றிக் கொடுத்திருந்தால் ஷட்டவுனில் இன்வெர்ட்டர் ஓவனைத் தாங்கியிருக்கும், கடிகாரம் ஒரு நொடியும் நின்றிருக்காது. போன மாதம் நின்றிருக்கிறது. ஆக, போன மாதம் வரை அந்த வயர் ஈபியில்தான் இருந்தது. ஒரு சமையலறைக் கடிகாரம் ஃபிரெடியை விடுதலை செய்துவிட்டது.

"கடைசியா எப்ப வெச்சே?"

அபிகாயில் யோசித்தாள். "ஞாயித்துக்கிழமை. சர்ச் முடிஞ்சு நாங்க ரெண்டு பேரும் வந்தப்ப ஜீரோல இருந்தது. கரண்ட் போச்சான்னு மாமாவைக் கேட்டேன். தூங்கிட்டேன், தெரியலைன்னார்."

வேதசிரோமணி அன்று முட்டிவலி என்று சர்ச்சுக்குப் போகவில்லையாம்.

மேடம் என்னைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். ஐசக் என்பவர், கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் மட்டும் சர்ச்சுக்குப் போகிற ரகம். வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை டிவியில் கிரிக்கெட் பார்த்ததாகவும், ஒரு பந்துகூடத் தவறவில்லை என்றும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். ஷட்டவுன் அறிவிப்பு தெரு வாட்ஸ்அப் குரூப்பில் எப்போது வந்தது என்றும் கேட்டேன். சனிக்கிழமை ராத்திரி.

திரும்பி வந்து சொன்னேன். தெருவுக்குக் கரண்ட் இருந்தபோது இந்த வீட்டில் மட்டும் யாரோ மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்திருக்கிறார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஆள். அந்த வேலைக்குப் பத்து நிமிஷம் போதும்.

மணி இரண்டே முக்கால். கீழே பாட்டு ஆரம்பித்திருந்தார்கள்.

அடக்கம் முடியட்டும் மேடம், அந்தப் பெண் பெட்டியை ஒரு முறை ஒழுங்காகப் பார்க்கட்டும் என்று கெஞ்சினேன். நான் கெஞ்சுவது அபூர்வம். அடக்கம் நாலரைக்கு, ஜீப் மூன்றுக்கு என்றார் மேடம். பிளானை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக்கொண்டு வரச் சொல்லிவிட்டு இறங்கினார். அபிகாயிலும் எங்கள் பின்னால் வந்தாள்.

மேடம் பாட்டு முடியும்வரை காத்திருந்தார். அந்த அளவு மரியாதை உண்டு. வந்தவர்களைக் கொஞ்ச நேரம் ஷாமியானாவில் இருக்கச் சொன்னார். பிறகு வேதசிரோமணியிடம் ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கேட்டார். அவர் புரியாமல் கழற்றிக் கொடுத்தார். மேடம் அதை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்து, டிபி பாக்ஸுக்குள் டார்ச் அடித்தார். இடம் மாறிய அந்த வயரை மட்டும் பிளாஸ்டிக் டேக் பிடித்திருக்கவில்லை. மெழுகு நூலால் மூன்று சுற்று, ஒரு முடிச்சு. கண்ணாடிக் காலில் இருந்த அதே முடிச்சு.

"எக்ஸ்சேஞ்சில் வயரை இந்த நூலால கட்டாம தொங்க விட்டுட்டுப் போனா சூப்பர்வைசர் திட்டுவார் இல்லையா சார்?" என்றார் மேடம். "முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம். கொலை பண்ணும்போதும் கட்டிட்டுத்தான் போகச் சொல்லுது."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். வேதசிரோமணி, இந்த நூல் எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்றார். குரல் நடுங்கவில்லை. மேடம் கடிகாரத்தைச் சொன்னார், ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார், ஐசக்கின் கிரிக்கெட்டைச் சொன்னார். அவர் பாட்டுப் புத்தகத்தைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பையனை நானே கொல்வேனா மேடம்?" என்றார் கடைசியில்.

இன்ஸ்பெக்டர் முகத்திலும் அதே கேள்வி. மேடம் அபிகாயில் பக்கம் திரும்பி, நேற்று காலை போர்டைத் திறப்பதற்கு முன் காலேப் என்ன செய்தான் என்று கேட்டார்.

"கீழே வந்தார். போர்டு துடைக்கணும், இன்வெர்ட்டரைக் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணட்டுமான்னு மாமாகிட்ட கேட்டார். மேலே வந்து, அப்பா ஃபேன் ஓடட்டும்னு சொல்றார், பாவம் புழுங்குது, அந்த போர்டுலதான் பொட்டு இல்லையேன்னு சொன்னார்."

தலைக்கு மேலே அந்த ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. காலேப் பிடுங்கி ஓரமாக வைத்த அந்த ஓவனை நினைத்துக்கொண்டேன். கரண்டே இல்லாத நேரத்தில் அதன் கடிகாரம் எரிந்துகொண்டிருந்திருக்கும். அந்தச் சமையலறையில் அவனை எச்சரித்தது அது ஒன்றுதான், அதையும் அவன் பார்க்காமலே பிடுங்கிவிட்டான்.

"உங்ககிட்ட வந்து கேட்டான் சார். அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றார் மேடம்.

"அவன்னு எனக்கு எப்படித் தெரியும்?" வேதசிரோமணியின் குரல் முதல் முறையாக உடைந்தது. "மாசாமாசம் அவதானே துடைப்பா."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு அடி முன்னால் வந்தார். அபிகாயில் ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மாமனாரையே பார்த்தாள்.

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். யாரும் கேட்கவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. ஒரே பையன். கூடுவாஞ்சேரியில் வீடு கட்டப்போகிறேன் என்று வந்து நின்றான். அவள்தான் பிரிக்கிறாள் என்று இவர் முடிவு செய்தார். அவள் இல்லாவிட்டால் பையன் இங்கேயே இருப்பான், வேறு கல்யாணம்கூடச் செய்யலாம் என்று கணக்குப் போட்டார். நேற்று மாடியில் சத்தம் கேட்டதும், பையனைத் தேற்ற என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே படி ஏறினாராம். நான் துப்பறியும் வேலைக்கு வந்து ஆறு வருஷம். ஒரு மனிதனை அங்கேயே அறைய வேண்டும் என்று கை துடித்தது அன்றைக்குத்தான்.

மேடம் அறையவில்லை. அதைவிடக் கொடுமையாக ஒன்று செய்தார். இன்ஸ்பெக்டரிடமிருந்து கண்ணாடியை வாங்கி வேதசிரோமணியின் கையில் கொடுத்தார். என்னிடமிருந்த பிளானை அவர் மடியில், பாட்டுப் புத்தகத்தின் மேல் விரித்தார்.

"போட்டுக்கிட்டுப் படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பையனின் கையெழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார். ஹால். கிச்சன். எங்க ரூம். மூலை அறைக்கு வந்ததும் விரல் நின்றது.

"தாத்தா ரூமா? யாரு தாத்தா?"

"நீங்கதான் மாமா" என்றாள் அபிகாயில். "மாடி ஏற முடியாது, கீழ்த்தளத்துல ரூம் வேணும்னு நான்தான் கேட்டேன். அந்தச் சிவப்புப் பொட்டு அவர் வெச்சது. இன்வெர்ட்டர் போட்டா முதல்ல அப்பா ரூம் ஃபேனுக்குப் போடணும், கரண்ட் போனா அவரால தாங்க முடியாதுன்னு சொன்னார். உங்ககிட்ட குழந்தை விஷயத்தையும் அதையும் சேர்த்து அடுத்த மாசம் சொல்றதா இருந்தோம்."

வேதசிரோமணி பொட்டின் மேல் கட்டைவிரலை வைத்தார். துடைப்பது மாதிரி தேய்த்தார். நெயில் பாலிஷ், போகவில்லை.

ஜீவரத்தினம் வெளியே போய் ஸ்டேஷனுக்கு போன் போட்டு, ஃபிரெடியை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னார். மேடம் நெயில் பாலிஷ் பாட்டிலை என் கையில் கொடுத்து, ரோஸியிடம் கொடுத்துவிடு, மிச்சத்தையாவது அவள் வைத்துக்கொள்ளட்டும் என்றார். பாட்டிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வேதசிரோமணி நாற்காலியை விட்டு எழவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிப்போகிற அளவுக்கு வேர்த்திருந்தது. அடக்கம் முடிகிறவரை இங்கேயே இருக்கட்டுமா என்று வாசலிலிருந்து வந்த இன்ஸ்பெக்டரைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் அபிகாயிலைப் பார்த்தார். அவள் பெட்டியை விட்டு நகர்ந்து, சுவர் ஓரமாக நடந்து, சிவப்புப் பொட்டு வைத்த சுவிட்ச் போர்டுக்குப் போனாள். ஃபேனை அணைத்தாள்.